வாசலில் கடல், வழக்கு கொழும்பில்: வடமராட்சிக்கு ஏன் கடல்சார் சட்டத்தரணிகள் வேண்டும்?

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றியது 2021 மே 20ஆம் திகதி. 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் அதில் இருந்தன. யூன் முதல் வாரத்தில் கப்பல் கடலடியைத் தொட்டது. நீர்கொழும்பு முதல் தெற்கு வரை கடற்கரைகளில் பிளாஸ்ரிக் மணிகள் வெண்மணலாகக் குவிந்ததும், ஆமைகள் செத்து ஒதுங்கியதும், மீன்பிடி தடைசெய்யப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன்பின் நடந்த சட்டக் கதை அந்த அளவுக்குத் தமிழில் பேசப்படவில்லை.

2023இல் லண்டனிலுள்ள அட்மிரால்டி நீதிமன்றம், கப்பல் உரிமையாளரின் பொறுப்பு ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் பவுணுக்கு மேற்படாது என்று வரம்பிட்டது. 2025 யூலை 24ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், அதே கப்பலால் ஏற்பட்ட சேதத்துக்கு 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு கட்டளையிட்டது. கப்பல் கொம்பனி அதைச் செலுத்த முடியாது என்று இரண்டு மாதத்துக்குள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. இலங்கை அரசு 2023இலேயே சிங்கப்பூரில் தொடுத்த வழக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒரு கப்பலுக்கு மூன்று நாட்டு நீதிமன்றங்கள், இரண்டு தொகைகள்.

இந்த வேறுபாட்டுக்கு நீதிபதிகளின் மனநிலை காரணம் அல்ல. கப்பற் சட்டத்தில் உரிமையாளரின் பொறுப்பைக் கப்பலின் தொன் அளவை வைத்து வரம்பிடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எவ்வளவு சேதம் நடந்தது என்பது அங்கே இரண்டாவது கேள்வி. கப்பல் எவ்வளவு பெரியது என்பதே முதல் கேள்வி. கடல் வணிகம் நடக்க வேண்டுமானால் ஒரே விபத்தில் உரிமையாளர் அழிந்துவிடக் கூடாது என்ற நியாயத்தில் பிறந்த விதி அது. கொழும்பு நீதிமன்றம் எடுத்தது மறுமுனை: மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற சூழற் சட்டக் கோட்பாடும், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளும். இரண்டும் கடல் பற்றிய சட்டந்தான். ஆனால் ஒன்றைக் கப்பல் முதலாளியின் மேசையில் இருந்தும், மற்றதைக் கரையில் நிற்பவனின் இடத்தில் இருந்தும் எழுதியிருக்கிறார்கள்.

கரவெட்டியில் இருந்து இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். கரவெட்டி கடற்கரைக் கிராமம் அல்ல. தோட்டமும் வயலும் பனையும், ஒரு பக்கத்தில் தொண்டைமானாற்று ஏரியும் கொண்ட உள்ளூர். ஆனால் படிப்பை, அதிலும் சட்டப் படிப்பை, நீண்ட காலமாக மதித்துவந்த ஊர். உடுப்பிட்டிக்கும் பின்னர் நல்லூருக்கும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சட்டத்தரணி மு. சிவசிதம்பரம் இந்த ஊரவர். உயர்தரப் பெறுபேறு வந்ததும் சட்டத்துறையா, முகாமைத்துவமா, வெளிநாடா என்ற பேச்சு இங்கே வீட்டுக்கு வீடு எழும். அண்மைக் காலத்தில் அந்தப் பேச்சுக்குள் புதிதாக நுழைந்திருப்பது, இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வழங்கும் சட்டப் பட்டம், அதில் கடல்சார் சட்டச் சிறப்புத் தகைமை என்ற விளம்பரம். நெல்லியடியில் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் பருத்தித்துறைக் கடற்கரை. அந்தக் கரையில் நடக்கும் சண்டைக்கும் இந்தப் படிப்புக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உண்டு என்பதே என் கருத்து. விளம்பரம் சொல்லும் தொடர்பு மட்டும் அல்ல அது.

வடமராட்சியில் இருந்து புறப்பட்ட ஒரு சட்ட முயற்சி ஏற்கனவே கடலின் விதியை மாற்றியிருக்கிறது. கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் திருத்தத்தைத் தனிநபர் சட்டமூலமாக நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் ஜனாதிபதி சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன். அது 2017 யூலையில் நிறைவேறி, 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமானது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்து வரும் தனிநபர் சட்டமூலம் இப்படியான ஒரு பொருளாதார விடயத்தில் சட்டமாவது இந்த நாட்டில் அரிது. அடுத்த ஆண்டு, வெளிநாட்டுப் படகுகள் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தப்பட்டு, அபராதம் படகின் அளவுக்கேற்பக் கோடிகள் வரை உயர்ந்தது. சுமந்திரனின் அரசியலோடு உடன்படாதவர்களும் இதை மறுக்க முடியாது: கடலை அறிந்த ஒரு சட்ட வரைவு, நூறு ஆர்ப்பாட்டங்கள் தராத ஒன்றைத் தந்தது.

ஆனால் சட்டம் வந்தபின் என்ன நடந்தது? இழுவைப் படகுகள் வருவது நிற்கவில்லை. 2021 ஒக்ரோபர் 17ஆம் திகதி முல்லைத்தீவில் இருந்து பருத்தித்துறைக்குக் கடல்வழியாகப் படகுகளில் போராட்டம் போக வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. உள்ளூரிலும் இழுவைமடித் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அந்தச் சட்டம் நம்மவர்களையும் தொடும். அதனாலேயே அதைப் பேசும்போது பல வாய்கள் மெதுவாகின்றன.

இப்போது ஒரு வழக்கமான நிகழ்வை எடுத்துப் பார்ப்போம். வடமராட்சிக் கரையில் இருந்து கண்ணாடி இழைப் படகில் போன ஒருவர் மாலையில் வலை விரிக்கிறார். இரவில் இந்திய றோலர் ஒன்று அதற்கு மேலால் மடி இழுத்துப் போகிறது. விடியும்போது அவர் கையில் இருப்பது வலையின் ஒரு துண்டு. வலை கடனுக்கு வாங்கியது. அடுத்த வாரம் கடற்படை சில படகுகளைப் பிடிக்கிறது. ஆட்கள் நீதிமன்றத்தில் முற்படுத்தப்படுகிறார்கள், சிலர் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையுடன் திரும்புகிறார்கள், திரும்பத் திரும்பப் பிடிபட்டவர்களுக்கு அண்மைய ஆண்டுகளில் சிறைத் தண்டனையும் கிடைக்கிறது. படகு அரசுடைமையாகிறது. 2022 பெப்ரவரியில் இப்படிப் பறிமுதலான 105 இந்தியப் படகுகள் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய ஐந்து இடங்களில் ஏலத்தில் விடப்பட்டன. பறிமுதலான படகு அரசின் சொத்து, அதன் விலையும் அரசுக்கே. வலை இழந்தவர் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அவர் அந்த வழக்கின் கட்சிக்காரரே அல்ல.

இதுதான் நமது பேச்சில் தவறவிடப்படும் இடம். எல்லை மீறல் என்பது அரசுக்கும் வெளிநாட்டுப் படகுக்கும் இடையிலான குற்றவியல் விவகாரம். வலை அறுந்தது ஒரு மனிதனுக்கும் ஒரு படகுக்கும் இடையிலான குடியியல் விவகாரம். முதலாவதைப் பற்றி ஆயிரம் அறிக்கைகள் வந்துவிட்டன. இரண்டாவதற்கு வழியே இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உண்மையில் வழி இல்லையா?

1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அட்மிரால்டி நியாயாதிக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கப்பல் சம்பந்தப்பட்ட உரிமைக்கோரல்களை விசாரிக்கும் அதிகாரத்தை வகுக்கும் சட்டம் அது. ஒரு கப்பல் ஏற்படுத்திய சேதத்துக்கான உரிமைக்கோரல் அந்த அதிகாரத்துக்குள் வருகிறது. இந்த வகை வழக்கின் விசேடம், உரிமையாளர் எந்த நாட்டில் எந்தப் பெயரில் இருக்கிறார் என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது. கப்பலையே பிரதிவாதியாக வைத்து வழக்குத் தொடுக்கலாம், நீதிமன்றம் அந்தக் கப்பலைக் கைதுசெய்து தடுத்துவைக்கலாம், உரிமையாளர் வந்து பிணை கட்டினால்தான் அது நகரும். றோலர் ஒன்று வலையை அறுத்ததும் கப்பல் ஏற்படுத்திய சேதமே என்று வாதிட இடம் இருக்கிறது. எதிர்வாதங்களும் இருக்கும். அரசு ஏற்கனவே பறிமுதல் செய்த படகின் மீது தனிநபரின் உரிமைக்கோரல் நிற்குமா, எந்தப் படகு என்று இருட்டில் எப்படி அடையாளம் காட்டுவது, சேதத்தின் பெறுமதியை எப்படி நிறுவுவது என்பன எல்லாம் கடினமான கேள்விகள். ஆனால் அவை ஒரு சட்டத்தரணி எதிர்கொள்ளக்கூடிய கேள்விகள். ஆர்ப்பாட்டப் பதாகையில் எழுதக்கூடியவை அல்ல.

அப்படியொரு வழக்கைத் தொடுக்க எங்கே போக வேண்டும்? பருத்தித்துறை நீதிமன்றத்துக்கு அல்ல, யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்கும் அல்ல. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் இந்த அதிகாரத்தை மேல் நீதிமன்றத்துக்குக் கொடுத்துவிட்டு, கொழும்பில் அமரும் மேல் நீதிமன்ற நீதிபதியே சாதாரணமாக அதைப் பிரயோகிப்பார் என்று வைத்திருக்கிறது. கொழும்புத் துறைமுகமே நாட்டின் ஒரே வணிகத் துறைமுகம் என்று எண்ணிய காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இப்போது காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் கப்பல் சேவை தொடங்கி, இடைநின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பித்திருக்கிறது. காங்கேசன்துறைத் துறைமுகத்தை மேம்படுத்த இந்தியா நிதி தருகிறது. பயணி ஒருவரின் பொதி சேதமானால், மாலுமி ஒருவரின் சம்பளம் நிலுவையானால், அட்மிரால்டி வழக்குக்கு அவரும் கொழும்புக்குத்தான் போக வேண்டும்.

இந்தியா இதை வேறுவிதமாகக் கையாண்டது. ஆங்கிலேயர் காலத்தில் இருந்து பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நீதிமன்றங்களிடம் இருந்த இந்த அதிகாரத்தை, 2017ஆம் ஆண்டு அட்மிரால்டிச் சட்டம் கேரளம், கர்நாடகம், குஜராத், ஒடிசா, தெலுங்கானா - ஆந்திரம் ஆகியவற்றின் உயர் நீதிமன்றங்களுக்கும் பகிர்ந்தது. (இலங்கைத் தமிழில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் அதியுயர் மன்று, இந்தியத் தமிழில் அதே சொல் மாநில மன்றைக் குறிக்கும். கடலுக்கு இரு கரையிலும் சட்டம் பேசப் போகிறவர் முதலில் தடுக்கி விழும் கல் இது.) அதன் பயன் 2025இல் தெரிந்தது. மே 25ஆம் திகதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. மாநில அரசு தன் சொந்த உயர் நீதிமன்றத்திலேயே 9,531 கோடி இந்திய ரூபா கேட்டு வழக்குத் தொடுத்தது. மூழ்கிய கப்பலைக் கைதுசெய்ய முடியாதே! அதே குழுமத்தின் இன்னொரு கப்பலான எம்.எஸ்.சி. அகிடேட்டா 2 விழிஞ்சம் துறைமுகத்தில் நின்றது. அதைத் தடுத்துவைக்குமாறு நீதிமன்றம் யூலையில் கட்டளையிட்டது. பின்னர் பிணைத் தொகை ஏறத்தாழ 1,227 கோடியாகக் குறைக்கப்பட்டது என்றாலும், கையில் ஒரு பிடி கிடைத்துவிட்டது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் விடயத்தில் இலங்கைக்கு இல்லாமற்போனது அந்தப் பிடிதான். எல்சா கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் யூன் மாதத்தில் மன்னார்க் கரையிலும் ஒதுங்கின. அந்தக் கரையைத் துப்புரவாக்கிய செலவை யாரிடம் கேட்பது என்பதும் கடல்சார் சட்டக் கேள்விதான்.

இன்னுமொரு எடுத்துக்காட்டு. 2012 பெப்ரவரியில் என்றிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படையினர் சுட்டதில் கேரளக் கரையில் இருந்து போன படகொன்றின் இரு மீனவர்கள் இறந்தார்கள். ஐ.நா. கடற் சட்ட சமவாயத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்று 2020இல், வழக்கு விசாரிக்கும் அதிகாரம் இந்தியாவுக்கு இல்லை, ஆனால் இத்தாலி நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. 10 கோடி ரூபா பேசி முடிக்கப்பட்டது: இறந்த இருவரின் குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. படகுக்காரருக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாக்கு நீரிணையில் இரு பக்கத்திலும் உயிர்கள் போயிருக்கின்றன. இப்படியொரு கணக்கு இங்கே தீர்க்கப்பட்டதில்லை.

கடல்சார் சட்டம் என்று ஒரே பெயரில் இரண்டு படிப்புகள் இருப்பதை மாணவர்களும் பெற்றோரும் இங்கே பிரித்தறிய வேண்டும். ஒன்று கப்பற் சட்டம்: கப்பல் வாடகை ஒப்பந்தம், சரக்குப் பத்திரம், காப்புறுதி, மோதல், மீட்புப் பணி. லண்டனும் சிங்கப்பூரும் அதன் சந்தைகள். மற்றது கடற் சட்டம்: எல்லை, மீன்வளம், சூழல், நாடுகளுக்கு இடையிலான உரிமை. அதன் அடித்தளம் 1982ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயம். அந்தச் சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டுக்கு 1980இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் அதை ஏற்று உறுதிப்படுத்தின.

இரண்டாவது படிப்பு ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு நம் கடலே சாட்சி. 1974 யூன் ஒப்பந்தம் பாக்கு நீரிணையில் எல்லை போட்டது. 1976 மார்ச் ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் போட்டது. 1976ஆம் ஆண்டின் கடல் வலயச் சட்டத்தின் கீழ் 1977 ஜனவரியில் வந்த பிரகடனம், பாக்கு நீரிணையின் இலங்கைப் பக்கத்தை வரலாற்று நீர்ப்பரப்பாக, அதாவது நாட்டின் உள்ளக நீராகவே கொள்கிறது. பருத்தித்துறையைத் தாண்டி வெற்றிலைக்கேணி, முல்லைத்தீவுப் பக்கம் போனால் அது வங்காள விரிகுடா; 12 கடல் மைல்வரை ஆட்புலக் கடல், அதற்கப்பால் 200 கடல் மைல் எல்லைவரை பிரத்தியேக பொருளாதார வலயம். இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஐ.நா. சமவாயத்தின் 73ஆம் உறுப்புரை, பொருளாதார வலயத்தில் மீன்பிடிக் குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்ட வெளிநாட்டுப் படகையும் ஆட்களையும் நியாயமான பிணையில் விரைவாக விட வேண்டும் என்கிறது. நாடுகளிடையே வேறு உடன்பாடு இல்லாவிட்டால் சிறைத் தண்டனை கூடாது என்றும் சொல்கிறது. உள்ளக நீருக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே நெடுந்தீவுக்கு அருகே பிடிபட்ட றோலருக்கும் முல்லைத்தீவுக்கு 20 மைல் வெளியே பிடிபட்ட றோலருக்கும் சட்டம் ஒன்றல்ல. தமிழ்நாட்டுத் தலைவர்கள் கச்சதீவைப் பற்றிப் பேசும்போதும், இங்கே நாம் எல்லாரையும் சிறையில் போடு என்று சொல்லும்போதும் இந்தக் கோடு இரண்டு பக்கத்துக்கும் தெரிவதில்லை.

வடமராட்சிக்குக் கடல் வணிகம் புதிதும் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அதைச் செலுத்திப் போனவர்கள் வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும். கப்பல் கட்டத் தெரிந்த, விற்கத் தெரிந்த, கடல் கடக்கத் தெரிந்த கரை இது. போர்க் காலத்தில் கடல் மூடப்பட்டு, பின்னர் கண்காணிக்கப்பட்டு, அந்த அறிவு தலைமுறை தாண்டாமல் நின்றுவிட்டது. இன்று வணிகக் கப்பல்களில் வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தை வாசித்துப் புரிந்துகொள்ள உதவக்கூடிய ஒருவர் ஊரில் இல்லை. மாலுமிகளின் தொழில் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தில் இலங்கை சேர்ந்திருக்கிறது. முகவர் ஏமாற்றினால், கப்பல் கொம்பனி நடுக்கடலில் கைவிட்டால் அதன் கீழ் கேட்கக்கூடியவை பல. கேட்க ஆள் வேண்டும்.

இந்தத் தேவைக்கு விளம்பரத்தில் வரும் இணைப் பட்டம் விடையா? பட்டத்தின் வகையை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே சான்றிதழ் தருவது இணைப் பட்டம். இரண்டும் தனித்தனியே தருவது இரட்டைப் பட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தைக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் கற்பிப்பது இவை இரண்டும் அல்ல. ஆனால் பலவேளை அதுவும் இணைப் பட்டம் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. சிறப்புத் தகைமை என்று சொல்லப்படுவது, இளமாணிப் படிப்பில் பெரும்பாலும் கடைசி ஆண்டில் எடுக்கும் சில தெரிவுப் பாடங்கள் மட்டுமே. அந்தப் பாடங்களும் கப்பற் சட்டத்தையே சுற்றுகின்றன. மீன்பிடிச் சட்டம், எல்லைச் சட்டம், சிறு படகுக்காரரின் நட்டஈடு என்பன அங்கே ஓரத்தில்கூட இருப்பதில்லை. காரணம் எளிது. லண்டனில் அதற்குக் காசு கொடுக்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் பெற்றோர் முன்கூட்டியே அறிய வேண்டும். எந்த நாட்டுச் சட்டப் பட்டம் எடுத்தாலும் இலங்கை நீதிமன்றத்தில் நின்று பேச, இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் பயிற்சியையும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். அந்தப் பட்டத்தைச் சட்டக் கல்வி மன்றம் ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தமிழ்நாட்டில் படித்தால் மொழி வசதி உண்டு, செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் இந்திய வழக்கறிஞர் சட்டம் பொதுவாக இந்தியக் குடிமக்களையே பதிவுசெய்கிறது. ஆகவே அங்கே பட்டம் கிடைக்கும், அங்கியோடு நிற்பது வேறு கதை.

என் கணிப்பில், கரவெட்டியில் இருக்கும் ஒரு மாணவிக்கு இன்று மலிவானதும் உறுதியானதுமான பாதை இதுதான்: யாழ்ப்பாணம் அல்லது கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்ட இளமாணி, அதன்பின் சட்டக் கல்லூரி, சில ஆண்டு நீதிமன்ற அனுபவம், அதற்குப் பிறகே கடல்சார் சட்டத்தில் முதுமாணி. முதுமாணிக்கு உலகில் இடங்கள் உண்டு. சர்வதேச கடல்சார் அமைப்பு 1988இல் மால்ராவில் நிறுவிய சர்வதேச கடல்சார் சட்ட நிறுவகம் வளர்முக நாடுகளின் சட்டத்தரணிகளுக்காகவே தொடங்கப்பட்டது. சுவீடனின் மால்மோவில் 1983 முதல் உலக கடல்சார் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இவற்றில் புலமைப்பரிசில்களும் இருக்கின்றன. ஆனால் இத்தகைய வாய்ப்புகளைத் தேடிக்கொள்ள அரசாங்கத் திணைக்களங்களில் இருப்பவர்களுக்குத்தான் வழி இலகு. வடக்கின் தனிச் சட்டத்தரணி ஒருவருக்கு அந்த விண்ணப்பம் இருக்கிறது என்று சொல்லவே ஆள் இல்லை.

மொழியையும் தவிர்த்துப் பேச முடியாது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை நாடாளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. சரியான முடிவு. தாய்மொழியில் படித்தவருக்குச் சட்டத்தொழிலின் வாசலை அடைக்கக் கூடாது. அதேவேளை கடல்சார் சட்டத்தின் வழக்கறிக்கைகள், ஒப்பந்தப் படிவங்கள், நடுவர் தீர்ப்புகள் ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலத்தில் உள்ளன. இந்தத் துறைக்கு வருபவர் ஆங்கிலத்தில் வாசிக்கவும், தமிழில் மீனவருக்கு விளக்கவும், சிங்களம் பேசும் கடற்படை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டியிருக்கும். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் அவருக்கு வேலை தேடி அலைய வேண்டியிராது. அட்மிரால்டி, கடல் வலயம் ஆகியவற்றுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட தமிழ்ச் சொற்களே இன்னும் நிலைபெறவில்லை. இக்கட்டுரையிலும் அந்தத் தட்டுப்பாடு தெரியும்.

உண்மையான இணைப் படிப்பு ஒன்றை யாழ்ப்பாணமே தொடங்க முடியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது, கடற்றொழில் விஞ்ஞானம் கற்பிக்கும் துறையும் இருக்கிறது. சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் உண்டு. எதிர்க்கரையில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும், திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஓராண்டு முதுமாணி, ஒரு பருவம் இங்கே, ஒரு பருவம் அங்கே. இராமேஸ்வரத்து மாணவரும் பருத்தித்துறை மாணவரும் ஒரே வகுப்பில் 1974, 1976 ஒப்பந்தங்களை வரிவரியாக வாசித்து, ஒருவர் மற்றவரின் கட்சிக்காக வாதிட வேண்டிய ஒரு படிப்பு. இரு நாட்டு அரசுகளும் 2016இல் அமைத்த மீன்பிடிக் கூட்டுக் குழு கூடிக் கலையும் ஒவ்வொரு முறையும் அறிக்கை வருகிறது. அந்த அறிக்கையைச் சட்டமாக எழுதத் தெரிந்தவர்கள் இரு கரையிலும் சேர்ந்து உருவாகும் இடம் எதுவும் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி, விசா, நிதி என்று தடைகள் பல. இருந்தும் இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே வேறு துறைகளில் எழுதப்படும் புரிந்துணர்வு உடன்படிக்கைகளைவிட இதற்குத் தேவை அதிகம்.

நீதித்துறைச் சட்டத்தில் ஒரு வரித் திருத்தமும் வேண்டும். அட்மிரால்டி அதிகாரம் யாழ்ப்பாணம், திருகோணமலை, காலி மேல் நீதிமன்றங்களிலும் பிரயோகிக்கப்படலாம் என்று மாற்றுவதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. வடக்கு கிழக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களில் பலர் சட்டத்தரணிகள். 2017இல் ஒரு தனிநபர் சட்டமூலம் போன பாதையில் இன்னொன்று போகலாம். கிழக்கிற்கும் இது வேண்டும். 2020 செப்ரெம்பரில் நியூ டயமன்ட் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது அம்பாறைக் கடலில்தான்.

அதுவரைக்கும் காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. வலை வாங்கிய பற்றுச்சீட்டைப் பேணுவது, வலை விரித்த இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளியைத் தொலைபேசியில் பதிவது, றோலரின் பக்கத்தில் எழுதியிருக்கும் ஐ.என்.டி.-டி.என். என்று தொடங்கும் பதிவிலக்கத்தை முடிந்தால் படம் எடுப்பது, அறுந்த வலையை எறியாமல் வைத்து அன்றைக்கே பொலிஸிலும் கடற்றொழில் பரிசோதகரிடமும் முறைப்பாடு எழுதிப் பிரதி வாங்குவது. இவை இல்லாவிட்டால் மால்ராவில் படித்துவந்த சட்டத்தரணியாலும் வழக்கை நகர்த்த முடியாது. இவை இருந்தால், நெல்லியடியில் ஒரு சிறு அறையில் இருக்கும் இளம் சட்டத்தரணிகூட முதல் மனுவை எழுதத் தொடங்கலாம்.